சீலிங் துளைத்த செம்மல்

ரொறன்ரோத் தமிழரிடையே கோயில் கட்டியவருக்கும் கல்யாண மண்டபம் கட்டியவருக்கும் அடுத்தபடியாக யாரைப் போற்றலாம் என்று என்னைக் கேட்டால், பேஸ்மென்றுக்குப் பொட் லைற் போடுகிற தம்பியைத்தான் சொல்வேன். மற்றவர்கள் கூரை போட்டுப் பெயர் எடுத்தார்கள். இருந்த சீலிங்கில் ஓட்டை போட்டுப் பெயர் எடுத்தவர் இவர் ஒருவர்தான்.

முதலில் அவருடைய அடக்கம். அவருடைய வானில் பெயர் எழுதியிருக்காது. கார்ட்டில் ஒரு பிள்ளையார் படமும் ஒரு தொலைபேசி எண்ணும் மட்டும். ஒன்ராறியோவில் கூலிக்கு மின்வேலை செய்கிறவர் ஒப்பந்தக்காரர் லைசென்ஸ் எடுத்திருக்கவேண்டும், அந்த எண்ணை வானிலும் கார்ட்டிலும் எஸ்ரிமேற்றிலும் வாடிக்கையாளர் பார்க்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்று ஓர் ஏற்பாடு உண்டு. தம்பி தற்பெருமை பிடிக்காதவர். எஸ்ரிமேற்றையும் எழுத்தில் தரமாட்டார். வாய்ச்சொல்லே போதும் என்கிற அந்தக் காலத்து நாணயம். கேஷாகக் கொடுத்தால் 13 வீத எச்.எஸ்.ரி.யும் கிடையாது. வரிக் கந்தோர்க்காரருக்குக் கணக்குப் பார்க்கிற சிரமத்தை மிச்சம்பிடித்துக் கொடுக்கிற மனம் எத்தனை பேருக்கு வரும்?

அடுத்தது வேகம். சனிக்கிழமை காலை தேத்தண்ணி குடித்துவிட்டுத் தொடங்குவார். பொழுதுபடுவதற்குள் 800 சதுர அடி பேஸ்மென்றில் 40 லைற். ஹோலில் பதினாறு, இரண்டு அறைகளிலும் சேர்த்துப் பன்னிரண்டு, குசினியில் ஆறு, குளியலறையில் நாலு, உடுப்புத் தோய்க்கிற மெசின் நிற்கிற மூலையில்கூட இரண்டு. அந்த மெசினுக்கு அதற்குமுன் யாரும் இப்படி ஒரு மரியாதை செய்ததில்லை. "வீட்டுக்காரர் இருபதுதான் கேட்டவர், நான்தான் நாற்பது போட்டுக் குடுத்தனான்" என்று பிறகு சொல்லிச் சிரிப்பார். கேட்டதற்கு இரு மடங்கு கொடுக்கிறவரை வள்ளல் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

அவர் வரும்முன் அந்த சீலிங் எப்படி இருந்தது தெரியுமா? அறைக்கு ஒன்றாக, கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து ஒட்டியதுபோல ஒரு விளக்கு. வீடு கட்டிய கொம்பனி மலிவாக வாங்கி மாட்டியது. அதற்குப் பின்னால் நாலங்குல எண்கோண உருக்குப் பெட்டி ஒன்று. பெட்டியைச் சுற்றி ட்ரைவோலை இறுக்கமாக வெட்டி, இடைவெளி தெரியாமல் பூசியிருப்பார்கள். அதன் வாய் சுமார் 13 சதுர அங்குலம். பக்கத்து நாட்டு அமெரிக்கக் கட்டடக் கோவையில், தீத்தடுப்பு சீலிங்கை உருக்கு மின்பெட்டிக்காக வெட்டுவதென்றால் ஒரு பெட்டி 16 சதுர அங்குலத்தைத் தாண்டக்கூடாது, 100 சதுர அடிக்குள் எல்லாப் பெட்டிகளும் சேர்ந்து 100 சதுர அங்குலத்தைத் தாண்டக்கூடாது, பலகைக்கும் பெட்டிக்கும் நடுவே எட்டில் ஓர் அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடக்கூடாது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். கனடாவின் கோவைகளும் இதே விதமாகத்தான் கைகட்டி வைக்கின்றன. அந்த அசிங்கமான கிண்ண விளக்கு இந்த அளவுகளுக்குள் ஒழுங்காக அடங்கியிருந்தது. ஒழுங்காக இருப்பதும் அழகாக இருப்பதும் வேறு வேறு என்று கண்டுபிடித்தவர் தம்பி. கழற்றிக் குப்பையில் எறிந்தார்.

பிறகு வட்டமாக வெட்டுகிற ஹோல் சோவை ட்ரில்லில் மாட்டினார். ஆறங்குல வட்டம் ஒன்றின் பரப்பு 28 சதுர அங்குலத்துக்குச் சற்று மேல். ஒரே ஒரு ஓட்டையிலேயே அந்த 16ஐத் தாண்டியாகிவிட்டது. மீதி 39 ஓட்டையும் உபரி. நாற்பதையும் கூட்டினால் ஏறக்குறைய எட்டுச் சதுர அடி வருகிறது. ஒரு சாதாரண அறைக் கதவில் பாதி. அரைக் கதவளவு திறப்பை ஒரு சீலிங்கில் யார் கண்ணுக்கும் தெரியாமல் பரப்பி வைப்பதற்கு எவ்வளவு கைத்திறன் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரே இடத்தில் எட்டுச் சதுர அடியை வெட்டியிருந்தால் சின்னப் பிள்ளைகூட "அப்பா, சீலிங் இல்லை" என்று சொல்லியிருக்கும்.

இந்த இடத்தில் சட்டப் புத்தகக்காரர்கள் குறுக்கே வருவார்கள். அவர்களுக்கு இது வெறும் சீலிங் இல்லையாம். ஒரு வீட்டுக்குள் மேலே ஒரு குடும்பமும் கீழே இன்னொரு குடும்பமும் தனித்தனிக் குசினியோடு இருந்தால், நடுவில் இருக்கிற சீலிங் தீப்பிரிப்பாம். ஒன்ராறியோத் தீயணைப்புக் கோவையில் இரு குடியிருப்பு வீடுகளுக்கென்று ஒரு பிரிவை 1994இல் சேர்த்தார்கள். கீழே பற்றினால் மேலே வர 30 நிமிடமாவது பிடிக்கவேண்டும் என்பது அதன் சாரம். மேலும் கீழும் உள்ள ஸ்மோக் அலார்ம்கள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருந்து, ஒன்று கத்தினால் எல்லாம் கத்துமென்றால், 15 நிமிடத்துக்குச் சலுகையும் உண்டு. புதிதாகக் கட்டுகிற வீடுகளுக்கு இதைவிடவும் கூடக் கேட்பார்கள். தம்பி அந்தச் சலுகையையும் நன்றாகவே கையாண்டார். ட்ரைவோல் தூசு பட்டு அலார்ம் சும்மா சும்மா கத்தியதால் அதைக் கழற்றிப் பிரிட்ஜுக்கு மேல் வைத்தார். அது இன்றும் அங்கே பத்திரமாக இருக்கிறது.

ட்ரைவோல் என்பது என்ன பெரிய பொருள்? இரண்டு கடதாசிக்கு நடுவே ஜிப்சம். ஆனால் அந்த ஜிப்சத்தின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர், படிகத்துக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கிறது. 5/8 அங்குலத் தடிப்பில் நாலடிக்கு எட்டடிப் பலகை ஒன்று சுமார் 70 இறாத்தல் இருக்கும். அதற்குள் 6 லீற்றர் அளவு தண்ணீர். நெருப்புப் படும்போது அந்தத் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். பானையில் தண்ணீர் இருக்குமட்டும் அடி கருகாது என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த விஷயம், அதே கணக்குத்தான். தண்ணீர் முடியும்வரை பலகையின் மறுபக்கம் கொதிநிலையை ஒட்டியே நிற்கும், மரம் பற்றாது. ரைப் எக்ஸ் என்கிற பலகையில் கண்ணாடி நாரும் கலந்திருப்பதால், தண்ணீர் போன பிறகும் அது வெடித்து விழாமல் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நிற்கும். ஒன்ராறியோவின் கணக்குப் புத்தகத்தில் சாதாரண அரை அங்குலப் பலகைக்கு 15 நிமிடம், ரைப் எக்ஸ் அரை அங்குலத்துக்கு 25, ரைப் எக்ஸ் 5/8 அங்குலத்துக்கு 40 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். மேல்நிலத்தைத் தாங்குகிற மர ஜொயிஸ்றுக்கு 10 நிமிடம். கூட்டிப் பார்த்தால், சாதாரண அரை அங்குலத்தோடு 30 வராது. ரைப் எக்ஸ் வேண்டும்.

ஓட்டைக்கு எத்தனை நிமிடம் என்று அந்தப் புத்தகத்தில் தேடிப் பார்த்தேன். போடவில்லை. தம்பியின் கலையை அந்தக் காலத்தில் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

ஓட்டையைச் சும்மா விட்டுவிட்டுப் போகிற ஆள் என்று தம்பியைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மெல்லிய வட்டத் தட்டைச் சொருகி, இரண்டு பக்கமும் ஸ்பிரிங் கிளிப்பால் இறுக்கிவிடுவார். முன்னையது போல உருக்குக் கூடெல்லாம் இல்லை. அரை அங்குலத் தடிப்பில் அலுமினிய உடம்பு, பிளாஸ்ரிக் முகம், வயரில் தொங்குகிற ஒரு சின்னப் பெட்டி, அவ்வளவுதான். தீத்தடுப்பைச் சோதிக்கிற கூடங்களில் ஒரு உலை வைத்திருக்கிறார்கள். கனடாவின் எஸ்101 சோதனையானாலும் அமெரிக்காவின் ஈ119 சோதனையானாலும் வெப்பம் ஏறுகிற வேகம் ஏறக்குறைய ஒன்றுதான்: 5 நிமிடத்தில் 538 பாகை செல்சியஸ், 10 நிமிடத்தில் 704, அரை மணியில் 843. அலுமினியம் 660 பாகையில் உருகுகிறது. பிளாஸ்ரிக் அதற்கு வெகு முன்பே அறையை விட்டுக் கிளம்பிவிடும். ஆக 30 நிமிடம் நிற்கவேண்டிய இடத்தில் தம்பியின் தட்டு பத்து நிமிடத்துக்குக் கிட்டவாவது விசுவாசமாக நிற்கும் என்று நம்பலாம். அதற்குள் பிளாஸ்ரிக் வழியாகப் புகை மேலே போய்விடும் என்று சொல்பவர்கள், எதிலும் குறை காண்கிற ஆட்கள்.

ஒருமுறை இப்படி ஒரு ஆள், வீட்டுக்காரரின் மைத்துனர், தம்பியிடமே கேட்டுவிட்டார்.

"தம்பி, உது நெருப்புத் தாங்குமே?"

"அண்ணை, இது எல்.ஈ.டி. சூடே வராது. கையை வைச்சுப் பாருங்கோ."

மைத்துனர் கையை வைத்துப் பார்த்தார். சூடே இல்லை. விவாதம் அத்தோடு முடிந்தது. தருக்க சாஸ்திரத்தில் இதற்கு நிகரான வெற்றி அபூர்வம். கேட்டது கீழே குசினியில் எண்ணெய்ச் சட்டி பற்றினால் சீலிங் தாங்குமா என்று. பதில் வந்தது விளக்கு சுடாது என்று. இரண்டும் உண்மை, இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. விளக்கு ஐஸ் கட்டியாகவே இருந்தாலும் அது உட்கார்ந்திருக்கிற ஓட்டை ஓட்டைதான். நெருப்பு எங்கே பற்றினாலும் சூடும் புகையும் முதலில் மேலெழும்பி சீலிங்கின் அடியில்தான் திரளும். தம்பி ஓட்டை போட்டுவைத்திருக்கிற இடமும் அதுதான்.

இன்னும் நம்பாதவர்களுக்கு அவர் விளக்கின் பெட்டியைக் காட்டுவார். "எல்லாம் எழுதியிருக்கு, வாசியுங்கோ." உண்மையிலேயே நிறைய எழுதியிருக்கிறது. ஐ.சி. என்று இருக்கும்: வெப்பக் காப்புப் பஞ்சு விளக்கைத் தொட்டாலும் பரவாயில்லை என்று பொருள். பழைய குண்டு பல்புகள் பஞ்சுக்குள் புதைந்து சூடேறிப் பற்றிய காலத்தில் உண்டான முத்திரை அது. எயார் ரைற் என்று இருக்கும்: காற்றுக் கசியாது, குளிர்காலத்தில் ஹீற்றிங் பில் கூடாது என்று பொருள். ஈரமான இடத்திலும் போடலாம் என்று இருக்கும். கனடாவில் விற்கலாம் என்கிற அங்கீகார முத்திரையும் இருக்கும், அது மின்பாதுகாப்புக்கு. இல்லாதது ஒன்றே ஒன்று: இந்த விளக்கு எந்த வகைச் சீலிங்கில், எந்த ஜொயிஸ்றில், எத்தனை பலகைக்குக் கீழே, எத்தனை மணிநேரத் தீத்தாங்கல் சோதனையில் தேறியது என்கிற வரி. அந்த வரி உள்ள விளக்குகளும் கடையில் இருக்கின்றன; ஆனால் விலை கூட. நாலு முத்திரை இருக்கும்போது ஐந்தாவதைத் தேடுவது நன்றிகெட்ட வேலை.

இனி சீலிங்குக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். தம்பி பார்ப்பதில்லை, அவருக்கு முகட்டைப் பார்க்காமலே கை போகும். பழைய ஸ்காபரோ பங்களாக்களில் கனமான 2க்கு 10 மர ஜொயிஸ்றுகள். மார்க்கம், பிரம்ப்ரன், எஜாக்ஸ் பக்கத்துப் புதிய வீடுகளில் பெரும்பாலும் ஐ-ஜொயிஸ்ற்: மேலும் கீழும் மெல்லிய மரப்பட்டி, நடுவில் மரச்சீவலை ஒட்டிச் செய்த மெல்லிய பலகை. பாரம் தாங்கும், கோணாது, மலிவு. நெருப்பு பட்டால் மட்டும் சீக்கிரம் விடைபெறும். 2008இல் யூ.எல். ஆய்வுக்கூடம் இதைச் சோதித்துப் பார்த்தது. கீழே பலகை எதுவும் இல்லாமல், தீயணைப்பு வீரர் நிற்பதுபோல் மேலே பாரம் வைத்து எரித்தபோது, 2க்கு 10 மரத் தளம் 18 நிமிடத்துக்கு மேல் நின்றது. ஐ-ஜொயிஸ்ற் தளம் 6 நிமிடத்தில் இடிந்தது. கீழே அரை அங்குல ஜிப்சம் பலகை அடித்து எரித்தபோது மரத்தளம் 44 நிமிடம், ஐ-ஜொயிஸ்ற் 26 நிமிடம். 6க்கும் 26க்கும் நடுவே இருக்கிற 20 நிமிடம் முழுவதும் அந்தப் பலகை கொடுத்தது. பலகைக்கு ஓட்டை போடுகிறவர் எதிலிருந்து வெட்டி எடுக்கிறார் என்று புத்தகக்காரர் ஒருவர் கேட்டால், தம்பி வெட்டிய வட்டங்களைக் கறுப்புப் பையில் போட்டுக் கட்டி வாசலில் வைத்துவிட்டுப் போவார். வேலை முடிந்த இடத்தைத் துப்புரவாக்குவதில் அவரை அடிக்க ஆளில்லை.

அந்த 6 நிமிடத்தில் இடிவது மேல்வீட்டு ஹோலின் நிலம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அதன்மேல் நிற்பவர் வீட்டுக்காரராக இருக்கலாம். அவரைக் கூட்டிப்போக வந்த தீயணைப்பு வீரராகவும் இருக்கலாம்.

ஜொயிஸ்ற் குறுக்கே வந்தால்? சாதாரண ஆட்கள் விளக்கை நாலங்குலம் தள்ளிப் போடுவார்கள். தம்பிக்கு நேர்கோடு முக்கியம். கோட்டில் ஒரு விளக்கு விலகி நிற்பதைக் காட்டிலும் ஜொயிஸ்றின் அடிப்பட்டியைக் கொஞ்சம் சுரண்டி இடம் பண்ணுவது மேல் என்று நினைப்பவர். ஐ-ஜொயிஸ்றில் தொடவே கூடாத இடம் அந்தப் பட்டிதான் என்று செய்த கொம்பனிகள் படம் போட்டு, சிவப்புக் கோடு கிழித்து, கெஞ்சி எழுதியிருக்கின்றன. கலைஞனுக்குக் கோடு கிழிக்க யாரால் முடியும்?

தம்பியால் சமூகத்துக்கு விளைந்த மற்றொரு நன்மை, மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் இடையில் உறவு வளர்ந்தது. முன்பெல்லாம் கீழே இருக்கிற மாணவப் பிள்ளைகள் என்ன சமைக்கிறார்கள் என்று மேலே தெரியாது. இப்போது அவர்கள் கருவாடு பொரித்தால் மேலே சுவாமி அறைவரைக்கும் வரும். இரவு இரண்டு மணிக்கு அவர்கள் ஊருக்குப் பேசுகிற கதை முழுவதும் மேலே கேட்கும். வீட்டுக்காரர் தம்பியிடம் மணத்தைப் பற்றி முறையிட்டபோது, "ரேஞ்ச் ஹூட்டைப் பெரிசா மாத்துவம் அண்ணை" என்று அதற்கும் ஒரு எஸ்ரிமேற் வாயால் சொன்னார். கருவாட்டு மணம் எந்த வழியாக வருகிறதோ அந்த வழியாகப் புகையும் வரும் என்று அவர் சொல்லவில்லை. நல்ல மனுஷர் அபசகுனமாகப் பேசமாட்டார்.

இவ்வளவு இலகுவான ஒன்றை மற்றவர்கள் எப்படிச் சிக்கலாக்குகிறார்கள் என்று பாருங்கள். முதலில் நகரசபையில் பெர்மிற் எடுப்பார்களாம். சீலிங்கில் இருப்பது எந்தப் பலகை, எத்தனை அடுக்கு, ஜொயிஸ்ற் எந்த வகை, எத்தனை அங்குல இடைவெளி என்று பார்ப்பார்களாம். அதற்குச் சோதிக்கப்பட்ட விளக்கு எது என்று பட்டியலில் தேடுவார்களாம். சிலவற்றில் உருக்குக் கூடே இருக்கும். சிலவற்றில் சூடு பட்டதும் ஊதிப் பெருத்து ஓட்டையை அடைக்கிற பொருள் வைத்திருக்கும். சிலவற்றுக்கு மேலே கவிழ்க்கிற தீத்தடுப்புத் தொப்பி தனியாக வாங்கவேண்டும். கனமரத்தில் தேறியது ஐ-ஜொயிஸ்றில் தேறியதாகக் கொள்ளப்படாது என்று வேறு அடம்பிடிப்பார்கள். இன்னொரு கூட்டம், சீலிங்கை மூடுமுன் ஒவ்வொரு விளக்குக்கும் மேலே ரைப் எக்ஸ் பலகையால் ஐந்து பக்கமும் அடைத்துப் பெட்டி கட்டி, மூலைகளைத் தீத்தடுப்புப் பசையால் பூசும். விளக்கின் சூடு அந்தப் பெட்டிக்குள் அடங்குமா என்று உற்பத்தியாளரின் தாளை வேறு பார்க்கும்.

சோம்பேறிகளுக்கு ஒரு வழி இருக்கிறது. தம்பி இதைக் கேட்டால் சிரிப்பார். ரைப் எக்ஸ் சீலிங்கை முழுதாக, ஓட்டையில்லாமல் அடித்து முடித்துவிட்டு, அதற்குக் கீழே சில அங்குலம் விட்டு இரண்டாவது சீலிங் ஒன்றைத் தொங்கவிடுவது. அந்தக் கீழ்ச் சீலிங்கில் எத்தனை பொட் லைற் வேண்டுமானாலும் போடலாம். தீத்தடுப்பு மேலே பத்திரமாக இருக்கும். உயரம்தான் குறையும், பேஸ்மென்றில் அதுவே தட்டுப்பாடு. அதைவிடவும் சோம்பேறியான வழி: பழைய எண்கோண உருக்குப் பெட்டியை இருந்த இடத்திலேயே விட்டு, அதன்மேல் தட்டையான எல்.ஈ.டி. வட்டு ஒன்றை மாட்டிவிடுவது. கீழே நின்று பார்த்தால் பொட் லைற்றுக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க ஏணி வேண்டும். வேலை அரை மணிநேரம். ஆனால் அதில் கலை எங்கே இருக்கிறது? நாற்பதுக்குப் பதில் ஆறோ ஏழோதான் போடலாம். அப்புறம் வீட்டை எப்படி விற்பது?

தம்பியின் புகழ் தனி ஒருவரின் புகழ் இல்லை. அவருக்குப் பின்னால் ஒரு பரம்பரையே நிற்கிறது. வீடு விற்கிற முகவர் விளம்பரத்தில் முதல் வரியாக "எங்கும் பொட் லைற்" என்று போடுவார். கடைசி வரியாக, பேஸ்மென்றின் ரெற்ரோஃபிற் நிலைக்கு விற்பவரோ முகவரோ உத்தரவாதம் தரவில்லை என்று போடுவார். ரெற்ரோஃபிற் என்றால் மேலே சொன்ன அந்த 1994ஆம் ஆண்டுத் தீயணைப்பு விதிதான். முதல் வரியில் வெளிச்சம், கடைசி வரியில் இருட்டு. இரண்டுக்கும் நடுவே விலை. இதைவிடச் சிக்கனமாக ஒரு உண்மையைச் சொல்ல முடியாது. வாங்குகிறவரும் லேசுப்பட்டவரா? சீலிங்கை அண்ணாந்து பார்த்து, "நல்லா வெளிச்சமா இருக்கு" என்று சொல்லி, வாடகைக்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டு, இன்ஸ்பெக்சன் நிபந்தனை இல்லாமலே ஓஃபர் வைப்பார். முன்பு வந்து பார்த்துவிட்டு வாங்காமல் போன இன்னொருவர், தம்பியின் எண்ணை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

அதிகாரிகளையும் சேர்த்துப் போற்றவேண்டும். அவர்கள் ஒரு அழகான வேலைப்பிரிவினை வைத்திருக்கிறார்கள். வயரிங் சரியா என்று பார்ப்பது மின்பாதுகாப்பு அதிகார சபை, ஊரில் எல்லோரும் ஈ.எஸ்.ஏ. என்று சொல்வது. தீப்பிரிப்புச் சரியா என்று பார்ப்பது நகரசபையின் கட்டடப் பிரிவும் தீயணைப்புத் துறையும். சில வேளைகளில், வீட்டுக்காரர் பிடிவாதம் பிடித்தால், தம்பி தனக்குத் தெரிந்த லைசென்ஸ்காரர் ஒருவர் மூலமாக ஈ.எஸ்.ஏ.க்கு அறிவித்து ஒரு சான்றிதழும் எடுத்துக் கொடுப்பார். வயர் சரி, இணைப்புச் சரி, பிரேக்கர் சரி. வீட்டுக்காரர் அதைச் சட்டம் போட்டுக் குசினியில் மாட்டாத குறைதான். ஓட்டையைப் பற்றி அந்தத் தாளில் ஒரு சொல்லும் இருக்காது. அது அவர்கள் பார்க்கிற விஷயம் இல்லை. பார்க்கவேண்டியவருக்கோ பெர்மிற் எடுக்காத வீட்டின் விலாசமே தெரியாது. இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியை இவ்வளவு சரியாக அளந்து, அதற்குள் நாற்பது விளக்கைப் பொருத்துவதற்கு ஒரு பிறவித் திறமை வேண்டும்.

காப்புறுதிக் கொம்பனிக்காரர் இந்தக் கலையை அனுபவிக்கத் தெரியாதவர். அவர் விளக்கு எரிகிறபோது வரமாட்டார். வீடு எரிந்த பிறகுதான் வருவார். கீழே குடியிருப்பு இருக்கிறது என்று ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை, பெர்மிற் எங்கே, வேலை செய்தவரின் லைசென்ஸ் எண் எங்கே என்று வரிசையாகக் கேட்பார். அந்த நேரத்தில் தம்பியின் தொலைபேசி எண் பாவனையில் இருக்காது. அடக்கமானவர் என்று தொடக்கத்திலேயே சொன்னேன் அல்லவா?

ஆகவே வாசகர்களுக்கு என் வேண்டுகோள். தம்பி அடுத்த சனிக்கிழமை உங்கள் வீட்டுக்கு வரும்போது தயவுசெய்து அவருடைய மனத்தைப் புண்படுத்தாதீர்கள். லைசென்ஸ் எண்ணைக் கேட்காதீர்கள்; ஈ.எஸ்.ஏ.யின் இணையத்தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம்தான் ஆகும் என்பதற்காகக் கேட்டுவிடாதீர்கள். விளக்குப் பெட்டியில் தீத்தாங்கல் எத்தனை நிமிடம் என்று தேடாதீர்கள். எந்தப் பலகை, எந்த ஜொயிஸ்ற் என்று வாய் திறக்காதீர்கள். நகரசபையைக் கூப்பிட்டு, இந்தச் சீலிங் தீப்பிரிப்பா என்று கேட்கவே கேட்காதீர்கள். கேட்டால் பதில் சொல்லிவிடுவார்கள். பிரிட்ஜுக்கு மேலே இருக்கிற ஸ்மோக் அலார்மைத் திரும்ப மாட்டாதீர்கள்.

கீழே குடியிருக்கிற பிள்ளைகளிடமும் ஒன்றும் சொல்லவேண்டாம். அவர்கள் மாதம் பிறந்தால் தவறாமல் கட்டுகிற வாடகைக்குள், சீலிங் தரவேண்டிய அந்த முப்பது நிமிடத்துக்கான காசும் இருக்கிறது.